மீட்டர் யாருடைய பெயரில்?

மாதந்தோறும் தவறாமல் நம் வீடு தேடி வரும் காகிதம் ஒன்று உண்டு. பில் என்று நாம் வழங்கும் மின்கட்டணச் சீட்டுதான் அது. அதன் அடியில் உள்ள தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது பெரும்பாலோருடைய வழக்கம். அத்தொகைக்கு மேலே உள்ள வரிகளைப் படிப்பவர் சிலரே. வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களுள் பலருக்கோ அந்தக் காகிதமே கைக்கு வருவதில்லை. வீட்டுக்காரர் வாயால் சொல்லும் தொகைதான் அவர்களுக்குச் சீட்டு. அவர்களை மனத்தில் கொண்டே இன்று பேச விரும்புகிறேன்.

தில்லியில் எங்கள் குடியிருப்புக்கு அருகே ஓர் அம்மையார் இட்லி மாவு அரைத்து விற்கிறார். விழுப்புரம் பக்கத்திலிருந்து கணவருடன் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. ஓர் அறையில் குடும்பம். மற்றோர் அறையில் கிரைண்டரும் குளிர்பதனப் பெட்டியும். ஒரு கோடை நாளில் அவர் மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். "சார், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இனிமேல் பதினொன்று என்கிறார். ஏன் என்று கேட்டதற்கு இதைக் காட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்றார். மாவின் விலையை ஏற்றினால் வாங்குவோர் குறைவர். ஏற்றாவிட்டால் அரைத்துப் பயன் இல்லை. அதுவே அவருடைய கவலை.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆயினும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்த அந்த ஒரு தாளைத் தமிழில் விளக்கி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அப்போது தெரிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, யூனிட் விலை. தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019 ஜூலையில் வெளியிட்ட கட்டண ஆணையில், வீடுகளுக்கு முதல் 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 3 ரூபாய். அடுத்த 200 யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. 400க்கு மேல் 800 வரை 6 ரூபாய் 50 காசு என்று வகுத்தது. 2021 ஆம் ஆண்டின் ஆணையும் இவ்விலைகளை மாற்றவில்லை. அவ்வாறாயின் சீட்டின் தொகை ஏறியது எப்படி?

விடை, யூனிட் விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள வரிகளில் இருக்கிறது. அவற்றுள் ஒன்று, மின்கொள்முதல் விலைச் சரிக்கட்டுத் தொகை. விநியோக நிறுவனம் மின்சாரத்தைப் பெரும்பாலும் அனல்மின் நிலையங்களிடமிருந்து வாங்கி நமக்கு விற்கிறது. நிலக்கரியின் விலை ஏறினால் அந்த ஏற்றம் இவ்வரியின் வழியாக நம்மை வந்தடைகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபின் உலகச் சந்தையில் நிலக்கரியும் எரிவாயுவும் விலை உயர்ந்தன. அவ்வாண்டுக் கோடையில் உள்நாட்டு நிலக்கரி போதாமையால், இறக்குமதி நிலக்கரியை 10 சதவீதம் வரை கலந்து எரிக்குமாறு மத்திய மின்துறை அமைச்சகம் பணித்தது. 2022 டிசம்பரில் செய்த விதித் திருத்தமோ, இத்தகைய செலவு மாற்றங்களை மாதந்தோறும் தாமாகவே கட்டணத்தில் சேர்க்க வழி வகுத்தது.

இன்னொரு வரி, 2012 இல் தில்லியில் விதிக்கப்பட்ட 8 சதவீத மேல்கட்டணம். முந்தைய ஆண்டுகளில் நிறுவனங்களுக்கு ஆன செலவு முழுவதையும் அவ்வப்போது கட்டணத்தில் ஏற்றாமல் ஒத்திவைத்தார்கள். அவ்வாறு நிலுவையாய் நின்ற தொகைக்கு ஆங்கிலத்தில் 'ரெகுலேட்டரி அஸெட்' என்று பெயர். நேரே மொழிபெயர்த்தால் 'ஒழுங்குமுறைச் சொத்து' என்று வரும். நிறுவனத்துக்கு அது சொத்துதான்; நமக்கோ அது கடன். 2024 மார்ச் இறுதியில் தில்லியின் மூன்று விநியோக நிறுவனங்களுக்கும் சேர்த்து இந்நிலுவை ஏறத்தாழ 27,200 கோடி ரூபாய். இத்தகைய நிலுவைகளைக் காலவரையறைக்குள் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கட்டணத்தைப் பல ஆண்டுகள் ஏற்றாமல் இருப்பது இனிப்பான செய்திதான்; ஆனால் ஒத்திவைத்த செலவு வட்டியுடன் திரும்பி வரும் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றுடன் பழைய மின்வாரிய ஊழியரின் ஓய்வூதியத்துக்கான மேல்கட்டணமும், 5 சதவீத மின்சாரத் தீர்வையும் சேர்கின்றன. ஆகவே யூனிட் விலை அசையாமல் நிற்க, தொகை மட்டும் வளர்கிறது. மற்ற மாநிலங்களில் இவ்வரிகளின் பெயரும் அளவும் வேறாகலாம். நீங்கள் வாழும் ஊரின் சீட்டில் எந்தெந்த வரிகள் உள்ளன என்பதை ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

ஏற்றம் உண்மை என்பது இவ்வாறு விளங்கிற்று. ஆயினும் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் எங்கிருந்து வந்தது? அம்மையார் குடியிருக்கும் கட்டிடத்தில் மூன்று குடும்பங்கள், மீட்டர் ஒன்றுதான். ஒவ்வொரு குடும்பமும் மாதம் 250 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால், நிலைக்கட்டணமும் மேல்கட்டணங்களும் நீங்கலாக, ஒரு குடும்பத்துக்கு 825 ரூபாய் ஆகும். மூன்றுக்கும் சேர்த்து 2,475 ரூபாய். மூவரும் ஒரே மீட்டரில் இருந்தால் 750 யூனிட்டும் ஒருவர் செலவழித்ததாகவே கணக்காகும். ஆகவே மேற்படியின் விலை விழுந்து, அதே மின்சாரத்துக்கு 3,775 ரூபாய் ஆகிறது. இந்த அளவில் வீட்டுக்காரர் மீதும் பிழை இல்லை. ஆனால் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வீதம் மூன்று குடும்பங்களிடமும் வசூலானால் 6,750 ரூபாய் சேர்கிறது. மேல்கட்டணங்களைக் கூட்டிப் பார்த்தாலும் இடைவெளி எஞ்சியே நிற்கிறது.

இழப்பு இதனோடு முடியவில்லை. தில்லி அரசு 2019 ஆகஸ்டில், மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்குக் கட்டணம் இல்லை என்றும், 201 முதல் 400 யூனிட் வரை 800 ரூபாய்க்கு மேற்படாமல் பாதி மானியம் என்றும் அறிவித்தது. தனி மீட்டர் இருந்தால் 250 யூனிட் செலவழிக்கும் குடும்பம் இம்மானியத்துக்கு உரியது. மூன்று குடும்பங்களின் செலவும் ஒரே மீட்டரில் சேரும்போது அளவு 400ஐத் தாண்டுகிறது. மானியம் ஒருவருக்கும் கிடைப்பதில்லை. எளியவர்களுக்காக ஏற்பட்ட சலுகை, மீட்டர் தம் பெயரில் இல்லாத எளியவர்களை எட்டாமல் போகிறது.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43 ஆம் பிரிவு, கட்டிடத்தின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. 'குடியிருப்பவர்' என்ற அந்த ஒரு சொல் நமக்கு மிகவும் முக்கியம். வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தர மறுத்தார் என்ற காரணத்துக்காக வாடகைதாரருக்கு மின் இணைப்பை மறுக்கலாகாது. விண்ணப்பித்தவர் அவ்விடத்தில் குடியிருக்கிறாரா என்பதைப் பார்த்தாலே போதும் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. சட்டம் தில்லிக்கு மட்டும் உரியதன்று. மும்பையில் இருப்பவருக்கும், பெங்களூரில் இருப்பவருக்கும், கொல்கத்தாவில் இருப்பவருக்கும் அதுவே.

இனிச் சிறுதொழிலைப் பற்றிச் சில சொற்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கொண்ட கிரைண்டர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ இரண்டேகால் யூனிட், மாதத்துக்கு 67 யூனிட் ஆகும். ஒன்பது ரூபாய்க் கணக்கில் இது 600 ரூபாய். நான்கரை ரூபாய்க் கணக்கில் அதில் பாதி. வீட்டில் சிறு வியாபாரம் செய்தாலே வணிகக் கட்டணம் விழும் என்று பலர் அஞ்சுகின்றனர். தில்லி ஆணையத்தின் கட்டண அட்டவணையோ, வீட்டு இணைப்பில் 5 கிலோவாட்டுக்கு மேற்படாத மின்சுமையுடன் வீட்டிலேயே சிறுதொழில் செய்பவருக்கு வீட்டுக் கட்டணமே உரியது என்று இடம் தந்திருக்கிறது. அம்மையாருக்கு இது புதிய செய்தியாக இருந்தது.

தனிக் கடை வைத்துச் சிற்றுண்டி விற்பவர் நிலை இதனினும் கடினம். அவர் மின்சாரத்துக்கு வணிகக் கட்டணம் செலுத்துவதோடு, எரிவாயுவுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டரையே வாங்க வேண்டும். 2022 மே 1 அன்று தில்லியில் அதன் விலை 2,355 ரூபாய் 50 காசு. நாட்டுக்குத் தேவையான சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி ஆவதால், உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் தெருமுனைத் தோசைக்கல் வரை வந்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் அரசு குறைத்தது வீட்டுச் சிலிண்டருக்கே. சரக்கு சேவை வரியும் வீட்டுச் சிலிண்டருக்கு 5 சதவீதம். வணிகச் சிலிண்டருக்கு 18 சதவீதம். 5 சதவீத வரிவிதிப்பில் உள்ள சிறு உணவகம், எரிவாயுவுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. இட்லியின் விலையை உயர்த்துவதா, அளவைக் குறைப்பதா, வேலைக்கு இருக்கும் பையனை ஊருக்கு அனுப்புவதா என்று அக்கடைக்காரர் இரவில் கணக்குப் பார்க்கிறார். இரண்டு ரூபாய் ஏறிவிட்டதே என்று நாம் சலித்துக்கொள்ளும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் கையில் இருப்பவை யாவை? முதலாவது, சிக்கனம். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். புதுவகை மோட்டார் விசிறி 30 வாட் அளவிலேயே சுழலும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு மாதம் 20 யூனிட் மிச்சம். படிநிலையின் எல்லையில் நிற்பவருக்கு இந்த 20 யூனிட் மானியத்தையே காப்பாற்றித் தரலாம். இரண்டாவது, மின்சுமை. தில்லியில் தொடர்ந்து நான்கு மாதங்களில் பதிவாகும் உச்சத் தேவையின் சராசரியைக் கொண்டு அனுமதித்த மின்சுமையை மாற்றி அமைக்கிறார்கள். நிலைக்கட்டணம் அதை ஒட்டியது. ஆகவே கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கருவி மூன்றையும் ஒரே வேளையில் ஓட்டாதிருப்பது நன்று. மூன்றாவது, முறையீடு. கணக்கில் ஐயம் எழுந்தால் நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். கட்டணம் செலுத்தாதவருக்கும் 15 நாள் எழுத்து அறிவிப்பின்றி இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை.

நான்காவது ஒன்று உண்டு. அது தனி ஒருவரால் ஆவதன்று. சீட்டைப் படித்துக் காட்டியபின் அந்த அம்மையார் வீட்டுக்காரரிடம் சென்று பேசினார். பதினொன்று என்ற பேச்சு நின்றது, ஒன்பதே தொடர்கிறது. தம் பெயரில் மீட்டர் கேட்க அவருக்கு இன்னும் துணிவு வரவில்லை. வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர் தயங்குகிறார். வற்புறுத்தினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ என்ற அச்சம். சட்டத்தில் ஒரு சொல் இருந்தும், அதைச் சொல்லத் துணையின்றி நிற்கிறார் அவர். நாம் வாழும் ஊர்களில் எல்லாம் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவும் இசை விழாவும் சிறப்புற நடத்துகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, படித்தவர் இருவர் சங்கத்தில் உட்கார்ந்து, வருவோருடைய சீட்டுகளைப் படித்துச் சொல்லவும், விண்ணப்பம் எழுதித் தரவும், வேண்டுமானால் அலுவலகத்துக்கு உடன் செல்லவும் முன்வந்தால், அது பெருந்தொண்டாகும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. அவ்வூர் மொழி அறிந்தவர்கள் சிறிது நேரம் ஒதுக்கினால் போதும்.

அம்மையார் இப்போது ஒரு பழக்கம் மேற்கொண்டிருக்கிறார். மாதத்தின் முதல் நாள் தம் அறைக்குரிய துணை மீட்டரின் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். மகள் அருகில் நின்று கழித்தல் கணக்குப் போடுகிறாள். வாடகை வீட்டில் இருக்கும் நேயர்கள் அனைவரும் வரும் முதல் தேதியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.