கல்லறைக் கல்லும் கொடைக்கானல் மலையும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ்ஸில் ஏறும்போது, சாலையோரம் வெட்டிய பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக உடைந்த இடம் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். பழனி மலையின் பெரும்பகுதி இந்தப் பாறைதான். பெயர் சார்னோக்கைட்.

இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் தாமஸ் ஹாலண்ட். 1890இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த இளைஞர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும், சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையும் ஒரே இனம் என்று கண்டார். 1893இல் சார்னோக் பெயரையே அதற்குச் சூட்டினார். 1900இல் தென்னிந்தியாவின் இந்தப் பாறைக் குடும்பத்தைப் பற்றி விரிவான ஆய்வு நூல் எழுதினார். 1903இல் அந்தத் துறைக்கே இயக்குநரானார்.

நெருப்புக் குழம்பு உறைந்து உண்டான பாறை என்று ஹாலண்ட் கருதினார். பின்வந்த ஆய்வாளர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். பழனி மலைப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை என்று காட்டினார்கள். மேலிருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் கரைந்துபோக, அந்த ஆழம் இன்று மலையாக நிற்கிறது.

கொடைக்கானல் போகும்போது பிள்ளைகளுக்கு ஏரியோடு இந்தப் பாறையையும் காட்டுங்கள். நாளைய புவியியலாளர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்!