நோயாளர் கட்டிலருகே பாட்டும் சித்திரமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருவதிகையிலே சூலைநோயால் துடித்த தருமசேனர் பதிகம் பாடினார். நோய் தீர்ந்து நாவுக்கரசரானார். பெரியபுராணம் கேட்ட நமக்கு இது தெரிந்த வரலாறு. ஆனால் அங்கே பாடியவர் நோயாளரே என்பதை நாம் கவனிப்பதில்லை. தமக்கையார் திலகவதியாரும் சமணப் பள்ளிக்குப் போய்ப் பாடவில்லை. தம்பியார் தாமாக வந்தபின்னரே திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

சென்ற வருடம் நாங்கள் ஒரு வைத்தியசாலைக்குத் தேவாரம் பாடப் போனோம். முதியவர் ஒருவர் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார். பக்தி மேலீடு என்றெண்ணி இன்னும் உரத்துப் பாடினோம்! முடிந்ததும் அவர் கேட்டார்: "தம்பிமார், என்ரை செத்தவீட்டை இப்பவே தொடங்கிப்போட்டியளோ?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காய்ச்சலுக்குப் பதிகம் போதும், குளிசை வேண்டாம் என்போரும் நம்மிடையே உளர். அது பதிகத்துக்கே பழி தேடுவதாகும்.

பாட்டைப்பற்றி எழுந்த இக்கேள்வி சித்திரத்துக்கும் உண்டு. ஜேர்மனியிலே ஹைடெல்பேர்க் நகரில் பிரின்ஸ்ஹோர்ன் என்னும் வைத்தியர், மனநோயாளர் வரைந்த சித்திரங்களை ஆயிரக்கணக்கிற் சேகரித்து 1922இல் ஒரு நூல் வெளியிட்டார். ஓவியர்கள் வியந்தனர். வரைந்தவர்க்கு அதில் வேறு பெயர்கள் இடப்பட்டன. அவர்களுள் ஒருவர் பியூலர் என்னும் இரும்பு வேலைக்காரர். 1938 முதல் நாஜிகள் அத்தொகுதியிலிருந்து சித்திரங்களை எடுத்து, தமக்குப் பிடிக்காத ஓவியர்களின் படங்களுக்கு அருகே தொங்கவிட்டுக் காட்சி நடத்தினர். இரு சாராரையும் எள்ளி நகையாடவே அவ்வாறு செய்தனர். 1940இல் பியூலரை நச்சுவாயுவினாற் கொன்றனர். வைத்தியர் கெட்ட எண்ணத்தோடு சேகரிக்கவில்லை. ஆயினும் நோயாளர் கையைவிட்டுப் போன சித்திரம் எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, பாருங்கள்.

நம் மலரிலும் கட்டிலோடு நோயாளர் படம் போட்டிருக்கிறோம். அவரைக் கேட்டோமா? கேட்கவில்லை. இனிமேல் படம் எடுக்குமுன் கேட்போம், பாடுமுன்னும் கேட்போம். வேண்டாமென்றால் ஹார்மோனியத்தை மூடிவிட்டு, பக்கத்திலே சற்று இருந்துவிட்டு வருவோம். பாட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இது கடினந்தான்.

அம்முதியவரை நான் மறுகிழமை தனியே போய்க் கண்டேன். என்ன பாட வேண்டுமென்று கேட்டேன். காத்தவராயன் கூத்துப் பாட்டு ஒன்று சொன்னார். எனக்கு அது தெரியாது. அவரே மெல்லிய குரலிற் பாடினார், இடையிடையே இருமிக்கொண்டு. தாதி வந்து மருந்து நேரம் என்று சொல்லும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.