மொய் நோட்டை யார் படிப்பது?



பண்பாடும் வணிகமும் பற்றிய கருத்தரங்கைச் சென்னையிலோ மதுரையிலோ வைக்காமல் இங்கே தேவதானப்பட்டியில் வைப்பானேன் என்று சிலர் கேட்டார்கள். மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்வந்தால் பதில் கிடைக்கும். அங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை. சாத்திய கதவுக்கே பூசை, நெய்விளக்குக்கே இடம். முகம் காட்டாத அம்மனுக்கு நெய் சுமந்து வருகிற மக்களிடையே உட்கார்ந்து, நம்பிக்கை எப்படிக் கைமாறுகிறது என்று பேசுவதில் பிழையில்லை.

அறிஞர்கள் பண்பாட்டுக்கும் வணிகத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசி நூறாண்டுக்கு மேலாகிறது. புராட்டஸ்டன்ட் சமய ஒழுக்கத்துக்கும் முதலாளியத்துக்கும் உள்ள உறவை மாக்ஸ் வெபர் 1904-05இல் எழுதினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இந்தியாவைப் பற்றி எழுதியபோது, சாதி கட்டிக்காக்கும் சமூகத்தில் அந்த முதலாளியம் தானாக முளைக்காது என்று முடிவு கட்டினார். மில்டன் சிங்கர் 1960களில் சென்னைத் தொழிலதிபர்களை நேரில் கண்டு பேசி, பூசையறையும் தொழிற்சாலையும் ஒரே மனிதரிடம் சண்டையின்றி இருப்பதை 1972இல் நூலாக்கினார். வெபருக்கு அது நல்ல மறுப்பு. ஆனால் சிங்கர் பார்த்தது பெரிய இடங்களை. நான் உங்களைக் காதணி விழாப் பந்தல் வாசலுக்கு அழைக்கிறேன்.

வாசலில் ஒரு மேசை. ஒருவர் பணத்தை எண்ணி வாங்க, இன்னொருவர் மொய் நோட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதுவார். பெயர் மட்டும் போதாது. ஊர், தகப்பனார் பெயர், பட்டப்பெயர், தொழில் எல்லாம் வேண்டும். பத்து வருடம் கழித்துப் புரட்டினாலும் இன்னார் என்று தெரிய வேண்டுமே. தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு வரும். யார் எவ்வளவு என்பது மைக்கில் ஊருக்கே கேட்கும். விழா முடிந்தபின் அந்த நோட்டு நிலப்பத்திரம் இருக்கும் பெட்டிக்குள் போய்விடும். ஐந்நூறு செய்தவர் வீட்டு விசேஷத்துக்கு ஆயிரம் திருப்பிச் செய்தால், ஐந்நூறு பழைய கணக்கில் கழியும், மீதி ஐந்நூறு புதுக் கணக்கில் ஏறும். இப்படி ஏறியும் இறங்கியும் கணக்கு தலைமுறை தாண்டும். யாராவது பைசா சுத்தமாகக் கணக்கை முடித்தால், அந்த வீட்டோடு போக்குவரத்து வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார் என்றே ஊர் பேசும்.

இந்தப் பணத்தில் போர்வெல் இறங்கியிருக்கிறது, கடை எழுந்திருக்கிறது, பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கிறது. வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது, வழக்கு கிடையாது. திருப்பிச் செய்யாதவனுக்குத் தண்டனை, நாலு பேர் முன்னால் தலை குனிவதுதான். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் இன்னும் துணிச்சலானது. கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. ஆடி, ஆவணியில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் மொய் விருந்து போட்டுப் பணம் திரட்டுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது மொய்யும் அடிபட்டது. காய் விற்ற காசுதானே மேசைக்கு வர வேண்டும்!

கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பியாக வேண்டும் என்ற மூன்று கடமைகளைக் கொடையின் உள்ளே கண்டு 1925இல் எழுதினார் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ். அவர் பார்த்தது பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் பற்றிய தரவுகளை. நம் மொய் மேசைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ஜாவாவில் சீட்டுப் போன்ற சுழல் கடன் குழுக்களை ஆராய்ந்த கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், 1962இல், இவை இடைப்படிதான், வங்கி வளர வளர மறைந்துவிடும் என்று கருதினார். இந்த இடத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. நம் ஊர்களில் வங்கி வந்தது, ஏ.டி.எம். வந்தது, கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதியும் வந்தது. மொய் மறையவில்லை. மேசையில் கணினி ஏறியது, அச்சிட்ட ரசீது கைக்கு வந்தது, அவ்வளவே.

இப்போது நவீன அரசைக் கொஞ்சம் பாருங்கள். திருமணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. காதணி விழாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. நெருங்கிய உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானமாகிவிடும். சட்டம் மொய்யை அன்பளிப்பு என்கிறது. நோட்டோ அதைக் கடன் என்கிறது. எது சரி என்று சட்டத்துறையினர் இந்த அரங்கில் மோதிக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்; என் வாக்கு நோட்டுக்கு.

மகமையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. கடை வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை உறவின்முறை என்ற சாதிச் சங்கத்துக்கு எடுத்து வைத்து, அதிலிருந்து பேட்டை, கோயில், பள்ளிக்கூடம் என்று கட்டியெழுப்பியது நாடார் சமூகம். தேனியிலும் உறவின்முறை நடத்தும் பள்ளி, கல்லூரிகள் உண்டு. அதே சமூகத்தின் முயற்சியில் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 2022இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. சாதியிலிருந்து முதலாளியம் முளைக்காது என்ற வெபர் இதைப் பார்த்திருந்தால் ஓர் அத்தியாயத்தைத் திருத்தி எழுதியிருப்பார்.

இத்தோடு நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். நிறுத்தக்கூடாது. போடியில் ஏலக்காய் ஏலம் இன்று கணினித் திரையில் நடக்கிறது. தோட்டம் மலைமேல் கேரளத்தில், முதலாளி வீடு போடியிலோ கம்பத்திலோ. விடியுமுன் போடிமெட்டு, கம்பம்மெட்டு மலைப்பாதைகளில் ஜீப்பில் நெருக்கியடித்துப் போய்க் காயெடுக்கும் பெண்கள் எந்த உறவின்முறையின் பேரேட்டில் இருக்கிறார்கள்? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்து எல்லைச் சாலைகள் அடைபட்டபோது, அன்றாடக் கூலி முதலில் நின்றது அவர்களுக்கு. அவர்கள் கைமாற்றுக்கு நம்புவது மகளிர் குழுவையும் கங்காணியின் முன்பணத்தையும். மொய்யும் பெரும்பாலும் சாதிக்கு உள்ளேயே சுற்றி வருகிறது. இருப்பவன் பெரிதாகச் செய்து பெரிதாக வாங்குகிறான். இல்லாதவன் மொய் செய்யவே தோட்டை அடகு வைக்கிறான். நோட்டில் இருப்பது பெரும்பாலும் ஆண்பிள்ளை பெயர். யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று நினைவூட்டுவது வீட்டுப் பெண்.

ஆகவே, பண்பாடு வணிகத்தை வளர்க்கிறது என்ற வாக்கியம் இந்த அரங்கில் எப்போது எழுந்தாலும், யாருடைய வணிகத்தை என்று மாணவர்கள் எழுந்து கேட்க வேண்டும். பழம்பெருமை பாடும் கட்டுரைகளுக்கும், பண்பாட்டைப் பழைய சுமை என்று தள்ளும் கட்டுரைகளுக்கும் இந்தக் கேள்வி ஒரே அளவில் பொருந்தும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். பழைய மொய் நோட்டுகள் பரணில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. எடைக்குப் போனவையும் உண்டு. ஒரு வட்டாரத்தின் கூலி, விலைவாசி, பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், பிழைக்கப் போன திசை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. வந்திருக்கும் உள்ளூர்ப் பெரியவர்கள் அவற்றைப் படியெடுக்கத் தந்து உதவ வேண்டும். ஆய்வாளர்கள் பெயர்களை மறைத்தே பயன்படுத்த வேண்டும். அது பிறர் வீட்டுக் கணக்கு. முதல் அமர்வுக்கு இடம்விட்டு அமர்கிறேன்.