பத்தில் ஒன்பதும் பத்தில் ஐந்தும்

இன்று பட்டம் பெறும் இளம் கால்நடை மருத்துவர்களே,

நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா, செத்த கோழியை மஞ்சள் பையில் போட்டு மருந்தகத்துக்கு எடுத்து வந்தார். "நேத்து அந்தி வரைக்கும் மேஞ்சுட்டுத்தானுங்க இருந்துச்சு சாமி" என்றார். அறுத்துப் பார்த்தேன். முன்இரைப்பையின் உட்புறம் குண்டூசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள். வெள்ளைக்கழிச்சல். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனபோது, பஞ்சாரத்துக்குள் மீதிக் கோழிகள் கழுத்து கோணிக் கிடந்தன. நூறு கோழிக்கான தடுப்பு மருந்து ஒரே குப்பியில் வரும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். பத்துப் பதினைந்து கோழிக்காக யாரும் குப்பியை உடைப்பதில்லை. "நோயே அண்டாத கோழின்னு ஒண்ணு இருக்குங்களா சாமி?" என்று அந்த அம்மா கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் 2023 அக்டோபரில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனம், லண்டன் இம்பீரியல் கல்லூரி, பிர்பிரைட் நிறுவனம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் சேர்ந்து செய்தது. நோய், பறவைக் காய்ச்சல். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் அது நம் நாட்டில் முதன்முதலாக உறுதியானபோது லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. நோய் வந்தால் அழிப்பதைத் தவிர இன்றும் நமக்குப் பெரிதாக வேறு வழியில்லை.

இன்ஃபுளுவென்சா வைரஸ் தானாகப் பெருக முடியாது. கோழியின் செல்லுக்குள் ஏஎன்பி32ஏ என்றொரு புரதம் இருக்கிறது. அதைத் துணைக்கு இழுத்துக்கொண்டுதான் வைரஸ் தன்னைப் படியெடுக்கும். இதைப் பேராசிரியர் வெண்டி பார்க்லேயின் குழு 2016-ல் கண்டறிந்தது. அந்தப் புரதத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினால் வைரஸின் பிடி நழுவிவிடும். வெளியிலிருந்து வேறு உயிரின் மரபணு எதையும் நுழைக்க வேண்டியதில்லை.

அதைச் செய்த விதம் என்னை வியக்க வைத்தது. ஆட்டிலோ மாட்டிலோ ஒற்றைச் செல் கருவை எடுத்துத் திருத்தலாம். முட்டையில் அது எளிதல்ல. கோழி முட்டையிடும் நேரத்துக்குள் உள்ளே பல்லாயிரம் செல்கள் பெருகிவிட்டிருக்கும். ஆனால் பறவைக் கருவுக்கு ஒரு விசேஷம் உண்டு. பின்னாளில் விந்தாகவும் முட்டையாகவும் ஆகவேண்டிய செல்கள், அடை வைத்த இரண்டு மூன்று நாளில், கருவின் ரத்தத்தில் மிதந்து தம் இடம் தேடிப் போகும். மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியால் அந்த ரத்தத்தில் ஒரு துளியின் சிறு பங்கை எடுத்து, செல்களை வளர்த்து, கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவியால் திருத்தி, இன்னொரு முட்டையின் கருவுக்குள் செலுத்துகிறார்கள். ஓட்டில் போட்ட சிறு திறப்பை மூடி மீண்டும் அடை வைக்கிறார்கள். அந்தக் குஞ்சு வளர்ந்து ஈனும் சந்ததியில்தான் திருத்தம் தெரியும். அடுத்த முறை மூன்று நாள் முட்டையை ஒளிக்கு நேரே பிடித்து, சிலந்தி வலைபோல் சிவந்த ரத்தக் குழாய்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். திருத்திய கோழிகள் பத்துக்குப் பறவைக் காய்ச்சலின் எச்9என்2 வகை வைரஸைக் கொடுத்தார்கள். ஒன்பதுக்குத் தொற்றவே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும் உடல்நலத்திலோ முட்டையிடுவதிலோ குறை தெரியவில்லை. பலரும் இதோடு கட்டுரையை முடித்து வெற்றி என்று அறிவித்திருப்பார்கள். இவர்கள் முடிக்கவில்லை. வைரஸின் அளவை ஆயிரம் மடங்கு கூட்டிக் கொடுத்தார்கள். பத்தில் ஐந்து கோழிகளுக்குத் தொற்றியது. அந்தக் கோழிகளிலிருந்து எடுத்த வைரஸ் மாறியிருந்தது. ஏஎன்பி32ஏ-வின் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரண்டு புரதங்களைத் துணைக்குப் பிடிக்க அது கற்றுக்கொண்டிருந்தது. பிறகு மூன்று புரதங்களையும் நீக்கிய கோழிச் செல்களில் வைரஸ் வளரவில்லை. ஆனால் அது தட்டில் வளர்த்த செல்லில்தான். மூன்றும் திருத்திய கோழி அந்த ஆய்வில் பிறக்கவில்லை. அப்படி ஒரு கோழி நலமாக வாழுமா என்பது தனிக் கேள்வி.

என் கணிப்பில், அந்த ஆய்வின் மதிப்பு ஒன்பதைவிட ஐந்தில்தான் அதிகம். பாதி அடைத்த கதவு வைரஸுக்குப் பள்ளிக்கூடம். கோழித்துறை இதை ஏற்கெனவே பட்டறிந்திருக்கிறது. மாரெக் நோய்த் தடுப்பூசி, அந்த நோய் கோழிக்கு உண்டாக்கும் கட்டியைத் தடுக்கும். தொற்றையும் பரவலையும் முழுதாகத் தடுக்காது. வீரியம் மிகுந்த வைரஸ், ஊசி போடாத கோழியைச் சில நாளில் கொன்று தானும் அதோடு அடங்கும். ஊசி போட்ட கோழியோ உயிரோடிருந்து வாரக்கணக்கில் அதே வைரஸை உதிர்க்கும். ஆய்வாளர் ஆண்ட்ரூ ரீடின் குழு 2015-ல் இதைச் சோதனையில் காட்டியது. தடுப்பூசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கோடிக்கணக்கான கோழிகளைக் காத்திருக்கிறது. அரைகுறை எதிர்ப்புள்ள கோழிகளை லட்சம் லட்சமாக ஒரே கொட்டகையில் அடைத்தால் என்ன ஆகும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் என்றே சொல்கிறேன்.

நம் நாட்டில் 2022-ல் சிலவகை மரபணுத் திருத்தப் பயிர்களுக்குக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு வந்தது. அது செடிகளுக்கானது. கோழிக்கு அந்த நாள் வரும்போது, நாமக்கல் பண்ணையாளர் உங்களிடம்தான் கேட்பார்: இந்தக் குஞ்சை வாங்கினால் கால் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டியை எடுத்துவிடலாமா? வாத்துகள் வந்து இறங்கும் குட்டைத் தண்ணீரைக் கொடுக்கலாமா? கூடாது என்று தயங்காமல் சொல்லுங்கள். விற்பவர் பத்தில் ஒன்பது என்பார். பத்தில் ஐந்தையும் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எடின்பரோவில் திருத்தியது பறவைக் காய்ச்சலைக் குறிவைத்து. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் வேறு குடும்பம். சிறுவிடைக் கோழி நான்கைந்து வளர்க்கும் வீட்டுக்கு எந்த நிறுவனமும் தானாக முன்வந்து ஆய்வு செய்யாது. ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பஞ்சாரத்தையும் மனத்தில் வைத்துப் போங்கள். களத்துக்குப் போகிறவர்கள், பத்துக் கோழிதான் என்றாலும் குப்பியை உடையுங்கள். பக்கத்து வீடுகளையும் கூப்பிட்டு, மீதி மருந்தை அந்தக் கோழிகளுக்குப் போடுங்கள்.