நர்ஸ் அக்கா ஏன் மறுபடியும் காலேஜ் போனாங்க?

போன வாரம் ரிலீஸ் வேலை தூங்கவே விடல, அதனால எபிசோட் வரல. மன்னிச்சுடுங்க. இன்னிக்கு கோடிங் பேச்சு கிடையாது. என் பெரியம்மா பொண்ணைப் பத்திப் பேசப்போறேன். அவங்ககிட்ட கேட்டுட்டுதான் பேசுறேன்.

அக்கா அமெரிக்காவுல, டெக்சாஸ்ல நர்ஸ் பிராக்டிஷனர். நம்ம ஊர்ல இந்தப் பேரு அவ்வளவா பழக்கம் இல்லை. நர்ஸிங் முடிச்சு, அதுக்கு மேல மாஸ்டர்ஸோ டாக்டரேட்டோ படிச்சவங்க. நோயாளியைப் பரிசோதிப்பாங்க, நோய் என்னன்னு முடிவு பண்ணுவாங்க, மருந்தும் எழுதுவாங்க. 1965ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி இது. டெக்சாஸ்ல மருந்து எழுத ஒரு டாக்டரோட எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேணும். சில மாநிலங்கள்ல அதுவும் வேண்டாம்.

அக்கா ஃபேமிலி பிரிவு. சுகர், பிரஷர், காய்ச்சல் எல்லாம் பார்ப்பாங்க. நாற்பது வயசு, ரெண்டு பசங்க, நல்ல சம்பளம். திடீர்னு, "மனநல நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கப் போறேன்டா"ன்னாங்க. "ஏற்கனவே மாஸ்டர்ஸ் இருக்கே, இன்னும் எதுக்குக்கா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஒரு பையனைப் பத்திச் சொன்னாங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விஷயங்களை மாத்தியிருக்கேன்.

இருபத்தஞ்சு வயசு. எதுலயும் பிடிப்பு இல்லைன்னு வந்திருக்கான். அங்க சாதாரண கிளினிக்லயே பிஹெச்க்யூ-9ன்னு ஒரு கேள்வித்தாள் கொடுப்பாங்க. ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். அவனுக்கு 18 வந்துச்சு. மனநல மருத்துவரைப் பார்க்க மாசக்கணக்குல காத்திருக்கணும். அதனால அக்காவே டிப்ரஷன் மாத்திரை எழுதிட்டாங்க. மூணு வாரத்துல அவன் தூங்குறதையே விட்டுட்டான். வேலையை உதறிட்டான், சேமிப்பை எல்லாம் செலவழிச்சுட்டான், கடைசியில ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாச்சு. அவனுக்கு இருந்தது பைபோலார். அந்த நோய் இருக்கிறவங்களுக்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் தனியா கொடுத்தா, சிலருக்கு மனசு எதிர்ப் பக்கம் எகிறிடும்.

"சோகமா இருக்கியான்னு கேட்டேன்டா. தூக்கமே தேவைப்படாம நாலஞ்சு நாள் ஓடின காலம் உண்டான்னு கேட்கல. அந்த ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?"ன்னாங்க.

அந்தப் பையன் பிழைச்சு, இப்போ நல்லா இருக்கான். ஆனா அக்காவால அதைத் தாண்டிப் போக முடியல.

இவங்களை மாதிரி ஏற்கனவே வேலை பார்க்கிறவங்களுக்குன்னே ஒரு சான்றிதழ் படிப்பு இருக்கு. மாஸ்டர்ஸை முதல்ல இருந்து படிக்க வேண்டாம். பழைய மார்க் பட்டியலைப் புதுப் பாடத்திட்டத்துக்குப் பக்கத்துல வச்சு, எது குறையுதோ அதை மட்டும் படிச்சா போதும். பாடம் பெரும்பாலும் ஆன்லைன்ல. ஆனா நோயாளிகளோட நேரடிப் பயிற்சி குறைஞ்சது 500 மணி நேரம் வேணும், குழந்தையில இருந்து முதியவர் வரைக்கும். வாரத்துக்கு ரெண்டு நாள், எட்டு எட்டு மணி நேரம்னு போட்டாலும் ஏழு மாசத்துக்கு மேல ஆகும். பயிற்சி கொடுக்கிறவரையும் அக்காவேதான் தேடிப் பிடிச்சாங்க. முடிவுல 175 கேள்வியோட, மூன்றரை மணி நேரத் தேர்வு.

பழைய படிப்பு வீண் போகல. தைராய்டு குறைஞ்சாலும் டிப்ரஷன் மாதிரியே தெரியும்னு இவங்களுக்குத் தெரியும். லித்தியம் சாப்பிடுறவங்க முட்டி வலிக்குன்னு இபுப்ரோஃபென் போட்டா, ரத்தத்துல லித்தியம் ஏறி ஆபத்தாகலாம்னும் தெரியும். மருந்துப் பாடம்தான் கஷ்டமா இருந்திருக்கும்னு நினைச்சேன். இல்லையாம்.

"பேசாம இருக்கிறதுதான்டா கஷ்டம்."

உரையாடல் பதிவுன்னு ஒரு பயிற்சி. நோயாளியோட பேசினதை அப்புறமா உட்கார்ந்து வரிக்கு வரி எழுதணும்: அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போ எனக்குள்ள என்ன ஓடுச்சு. நம்ம லாக் ஃபைல் மாதிரிதான், ஆனா பிழை நம்மகிட்டயே இருக்கும். ஒரு அம்மா, "ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் சமையல்கட்டுல தனியா உட்கார்ந்திருப்பேன்"னு சொல்லியிருக்காங்க. அக்கா உடனே, "கவலைப்படாதீங்க, சரியாயிடும்"னு சொல்லியிருக்காங்க. அந்த அம்மா அதுக்கு மேல வாயே திறக்கல. பதிவைத் திருத்தின ஆசிரியர் ஓரத்துல ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தாராம்: "இந்த ஆறுதல் யாருக்கு? அவங்களுக்கா, உங்களுக்கா?"

இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய மனுஷி இருக்காங்க, ஹில்டெகார்ட் பெப்லாவ். நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவுல உருவாகிற உறவே சிகிச்சையோட ஒரு பகுதின்னு 1952லயே புத்தகம் எழுதினவங்க. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல மனநல நர்ஸிங்குக்கு உயர்படிப்பைத் தொடங்கினதும் இவங்கதான். ஊசி போடுறது மாதிரியே, கேட்கிறதும் பழகிக் கத்துக்க வேண்டிய வேலைன்னு நர்ஸிங்குக்குள்ள கொண்டுவந்தவங்க.

அந்த போன் கால் முடிஞ்சதும் எனக்கு என் பழைய ரூம்மேட் ஞாபகம் வந்துச்சு. வேலை போனப்போ போன் பண்ணினான். "விடு மச்சான், இதைவிட நல்லது கிடைக்கும்"னு சொல்லி ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டேன். அப்புறம் அவன் கூப்பிடவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். "தூங்குறியாடா?"ன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நடுவுல மூணு தடவை அறிவுரை தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அப்புறம் அவன் பேச ஆரம்பிச்சான். நாப்பது நிமிஷம்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, கொடுத்தவங்ககிட்ட கேளுங்க. மனசு ரொம்பக் கனமா இருந்தா, இந்தியாவுல டெலி-மானஸ் எண் 14416, அமெரிக்காவுல 988. கூப்பிடுங்க.

அக்காவுக்கு அடுத்த மாசம் தேர்வு. வாழ்த்து சொல்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க, படிச்சுக் காட்டுறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.