ஆறு பார்த்துற்ற அச்சம்



மலையும் ஆறும் கவிஞர்க்கு என்றும் இனியவை. ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து, நீரின் ஒலி கேட்டு உறங்குவது நகரத்து மனிதனின் நெடுநாளைய ஏக்கம். அந்த ஏக்கத்திற்கு மலையூர் ஒன்றில் நேர்ந்த முடிவும், அதிலிருந்து கவிதை கற்க வேண்டியதும் இவ்வுரையின் பொருள்.

ஸ்பெயினின் வடக்கே, பைரனீஸ் மலைத்தொடரில், காயெகோ ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் பியெஸ்காஸ். அதன் அருகே ‘லாஸ் நியேவெஸ்’ என்னும் முகாம் திடல் இருந்தது. ‘பனி’ என்பது அப்பெயரின் பொருள். மர நிழல், புல்வெளி, இதமான சரிவு, கைக்கெட்டும் தொலைவில் நீர் என எல்லாம் அமைந்த இடம். கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து தங்கினர்.

அந்தச் சமவெளி எப்படி உண்டாயிற்று என்பதே இங்கு எழும் வினா. அராஸ் என்னும் குறுகிய மலையோடை செங்குத்தாக இறங்கி வந்து, அவ்விடத்தில்தான் பள்ளத்தாக்கைத் தொடுகிறது. சரிவு குறைந்ததும் நீரின் வேகம் தணிகிறது. சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் இறக்கி வைக்கிறது. இறக்கிய சுமையே வழியை அடைக்க, ஓடை வேறு பக்கம் திரும்புகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் இப்படி இடமும் வலமுமாக மாறி ஓடி, விசிறி விரித்தாற்போல ஒரு மேட்டை அது படைத்துவிடுகிறது. அவ்விசிறியின் எந்த மூலையும் ஏதோ ஒரு காலத்தில் ஓடையின் வழியாக இருந்ததே. கூடாரம் அடிக்க எவையெல்லாம் ஏற்றவையெனத் தோன்றினவோ, அவையனைத்தும் பழைய வெள்ளங்களின் கைவேலை.

இதை அறியாதவர்கள் அல்லர் அந்நாட்டுப் பொறியாளர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஓடையின் குறுக்கே பல தடுப்பணைகளைக் கட்டினர். கீழே நீரைக் கொண்டுசெல்லக் கால்வாயும் அமைத்தனர். தடுப்பணைகள் கல்லையும் மண்ணையும் தேக்கின, காலப்போக்கில் நிரம்பின. அணை இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் வளர்ந்தது. பின்னர் அவ்விடத்தில் முகாமுக்கு அனுமதியும் கிடைத்தது.

1996 ஆகஸ்டு 7 மாலை. அராஸின் சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியின்மேல் இடியுடன் பெருமழை கொட்டியது. அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. பல்லாண்டுகள் தேங்கிக் கிடந்த கல்லும் சேறும் நீரோடு சேர்ந்து புறப்பட்டன. ஓடை கால்வாயை விட்டு விலகி, முகாமின் ஊடே பாய்ந்தது. 87 பேர் மாண்டனர். 183 பேர் காயமுற்றனர். இறந்தோரில் குழந்தைகளும் பலர்.

எவரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று அன்று சொல்லப்பட்டது. இழந்தவர்கள் அதை ஏற்கவில்லை. குற்ற வழக்கு தண்டனையின்றி முடிந்த பின்னரும் அவர்கள் ஓயவில்லை. 2005 டிசம்பரில் ஸ்பெயினின் தேசிய நீதிமன்றம் மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறையையும் அரகோன் அரசையும் பொறுப்பாக்கி, ஒரு கோடியே பத்து இலட்சம் யூரோவுக்கும் மேற்பட்ட தொகையை இழப்பீடாக வழங்கப் பணித்தது. ஒன்பது ஆண்டுகள் வாதாடி அக்குடும்பங்கள் நிலைநாட்டிய உண்மை ஒன்றே: அது முன்னறியக் கூடிய ஆபத்து.

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் ஒருசேர நினைவில் வைத்திருந்தால் பியெஸ்காஸின் கதை விளங்கிவிடும். ஆறு என்பது நீர் மட்டுமன்று; நீர் நடக்கும் வழி. நீர் இல்லாத நாளிலும் வழி அதனுடையதே.

பழந்தமிழ்ப் புலவர் இதை உணர்ந்திருந்தனர். ஆறு பார்த்துற்ற அச்சம் என்று அகத்திணையில் ஒரு துறையே உண்டு. இரவில் மலைவழியே வரும் தலைவனுக்கு என்ன நேருமோ என்று நடுங்கும் மனத்தின் பேச்சு அது. இருளையும் விலங்கையும் மட்டுமா அங்கே அஞ்சினர்? காட்டாற்று வெள்ளத்தையும் அஞ்சினர். மலைபடுகடாமோ, கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்தும்போது மலையின் வளத்தோடு வழியின் இடர்களையும் எடுத்துச் சொல்கிறது.

அப்படியாயின் கவிதை எச்சரிக்கைப் பலகையாக வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. இரவில் வராதே என்று சொல்லும் தோழி மலையை வெறுப்பவள் அல்லள். அவள் குறிஞ்சி நிலத்தவள். மலையை அறிந்ததனால்தான் அஞ்சுகிறாள். அந்த அச்சமும் அறிவின் ஒரு வடிவம். அன்பின் ஒரு வடிவமுங்கூட.

இமயத்திலும் இதற்கு இணையான துயரம் உண்டு. 1998 ஆகஸ்டில் காளி ஆற்றங்கரையிலுள்ள மால்பாவில், கைலாய யாத்திரிகர்கள் தங்கியிருந்த முகாமை மலைச்சரிவு மூடியது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நடனக் கலைஞர் புரோதிமா பேடியும் அவர்களுள் ஒருவர்.

இன்றைய இயற்கைக் கவிதையில் வியப்பு நிறைய உண்டு; நிலவும் அருவியும் குறைவின்றி உண்டு. ஆறு பார்த்துற்ற அச்சம் மட்டும் அருகிவிட்டது. சுற்றுலா விளம்பரமும் அதே அருவியை, அதே நிலவைத்தான் காட்டுகிறது. விளம்பரம் சொல்லாததைச் சொல்வதில்தான் கவிதைக்குத் தனி இடம் இருக்கிறது. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்துக் கவிஞர்கள் ஆற்றங்கரையைப் பாடும்போது, நீரின் அழகோடு நீரின் வழியையும் பாடுவார்களாக.