ஒரே கப்பல், இரண்டு வேலை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சிறு பாய்க்கப்பலின் கதையாகும். கப்பலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கதையைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பால்டிமோரில் கட்டப்பட்ட இக்கப்பலுக்கு முதலில் ஹென்ரிக்கெட்டா என்று பெயர். ஆப்பிரிக்காக் கரையில் மனிதர்களை வாங்கி, ஆடுமாடுகளைப்போல் அடைத்துக்கொண்டுபோய் பிரேசில் தேசத்தில் விற்பதுதான் இதன் தொழில். 1827-ம் வருஷம் செப்டம்பரில் சிபில் என்னும் இங்கிலீஷ் போர்க்கப்பல் இதைப் பிடித்தபோது உள்ளே 569 பேர் இருந்தார்கள். பிறகு கடற்படையார் இக்கப்பலையே விலைக்கு வாங்கி, இரண்டு பீரங்கிகளை ஏற்றி, பிளாக் ஜோக் என்று பெயரையும் மாற்றி, அடிமைக் கப்பல்களைப் பிடிக்க அனுப்பினார்கள். பெரிய போர்க்கப்பல்களுக்கு அகப்படாதவையெல்லாம் இதற்கு அகப்பட்டன. தப்பி ஓடுவதற்கென்றே கட்டிய கப்பலுக்குத் துரத்திப் பிடிப்பதா கஷ்டம்? 1829 பிப்ரவரியில், 14 பீரங்கிகள் வைத்திருந்த எல் அல்மிரான்டே என்ற ஸ்பானிஷ் கப்பலை இது சண்டையிட்டுப் பிடித்தது. அதில் 466 அடிமைகள் இருந்தார்கள்.

தோழர்களே! மரமும் அதே மரம்; பாயும் அதே பாய். நேற்று விலங்கு பூட்டிய கப்பல் இன்று விலங்கை உடைத்தது. இது எந்தத் தலைவிதியால் நடந்தது? கருப்பன் அடிமையாகவே படைக்கப்பட்டவன் என்று பைபிளைக் காட்டிப் பேசிய பாதிரிகள் உண்டு. அதே பைபிளைக் காட்டி அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்களும் உண்டு. ஆகவே புத்தகம் தானாக ஒன்றும் செய்யவில்லை. மனிதர்கள் பல வருஷம் கிளர்ச்சி செய்து 1807-ல் சட்டம் கொண்டு வந்ததுதான் காரியத்தைச் செய்தது.

நிற்க, அச்சட்டமும் உடன்படிக்கைகளும் எவ்வளவு ஓட்டையானவை என்பதையும் பாருங்கள். ஸ்பானிஷ் கப்பலொன்றில் விலங்கும் சங்கிலியும் குவியலாகக் கிடந்தாலும், அடிமைகள் இல்லையென்றால் 1835-ம் வருஷ உடன்படிக்கை வரையில் அதைப் பறிமுதல் செய்ய முடியாது. இதனால் என்ன நடந்தது? 1831-ல் பானி ஆற்றில் பிளாக் ஜோக்கும் அதன் துணைக்கப்பலும் துரத்தியபோது, ராப்பிடோ என்ற கப்பல்காரர்கள் தங்களிடமிருந்த அடிமைகளை விலங்கோடு தண்ணீரில் தள்ளினார்கள். சாட்சியை ஒழித்தால் குற்றமும் ஒழிந்தது என்பது அவர்கள் கணக்கு! விடுவித்தவர்களிடமும் கணக்கு இருந்தது. 1807-ம் வருஷச் சட்டப்படி, விடுவித்த ஆண் ஒருவனுக்கு 60 பவுன், பெண்ணுக்கு 30, குழந்தைக்கு 10 வரை இனாம். விடுதலையானவர்களில் மிகப் பலர் சொந்த ஊர் சேரவில்லை. சியரா லியோனில் குடியேற்றப்பட்டார்கள். பிறகு 1833-ம் வருஷச் சட்டத்தால் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைகளை விடுவித்தபோது, நஷ்டஈடாக இரண்டு கோடி பவுன் கொடுத்தார்கள். யாருக்கு? உழைத்தவனுக்கல்ல, உடையவனுக்கு! அச்சட்டம் கம்பெனி ஆட்சியிலிருந்த இந்தியாவை விலக்கியே வைத்தது. தோட்ட முதலாளிகளோ கூலிக்கு ஆள் தேடி நம் சென்னைக் கரைக்கே வந்தார்கள்.

1832-ல், மரம் உளுத்துப்போன பிளாக் ஜோக்கைக் கொளுத்திவிட்டார்கள். நாம் அதைக் கும்பிடவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். கப்பலானாலும் சட்டமானாலும் யார் கையில் இருக்கிறது, யாருக்கு உழைக்கிறது என்று கேட்கும் அறிவு ஒன்றே போதும். அந்தக் கேள்வியை விடாதீர்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.